புளி மகசூலும் புலி மகசூலும்
கணினிப் பிழைதிருத்தி: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் ஊராட்சி நோட்டீசில் ‘புலி மகசூல் ஏலம்’ என்று அச்சாகி ஊரே சிரித்துவிட்டது. வேர்டில் தட்டச்சு செய்தபோது சிவப்புக் கோடே வரவில்லை. ஏன்?
– கணினி இயக்குநர், பாலக்கோடு

சிவப்புக் கோடு வராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, திருத்தி வேலையே செய்யாமல் இருந்திருக்கலாம். இதைச் சோதிப்பது எளிது. ‘ழகரடு’ என்று ஏதாவது உளறலாக அடித்துப் பாருங்கள். அதற்கும் கோடு வராவிட்டால், கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து ரிவியூ, லாங்குவேஜ், செட் புரூஃபிங் லாங்குவேஜ் என்று போய்த் தமிழைக் குறியுங்கள். அதே பெட்டியில் எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம் என்று சொல்லும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இதற்குப் பிறகும் வராவிட்டால் தமிழுக்கான சரிபார்ப்புத் தொகுப்பு கணினியில் நிறுவப்படவில்லை. அதைத் தனியாகப் பதிவிறக்க வேண்டும்.

இரண்டாவது காரணம்தான் உங்களைச் சிரிப்புக்கு ஆளாக்கியது. திருத்தி பார்ப்பது ‘இப்படி ஒரு சொல் உண்டா’ என்பதை மட்டுமே. புலி உண்டு, ஆகவே விட்டுவிட்டது. நீங்கள் எழுத நினைத்தது புளி என்பது அதற்குத் தெரியாது. அரசு ஆணை ‘அரசு ஆனை’ ஆவதும், ஏரிக் கரை ‘ஏரிக் கறை’ ஆவதும், கொள் விதை ‘கொல் விதை’ ஆவதும் இப்படித்தான். அகராதியைப் பெரிதாக்கினால் தீருமா என்றால், நேர்மாறு. சொற்கள் கூடக் கூட, ஒரு சொல்லின் பிழை வடிவம் இன்னொரு சரியான சொல்லாக அமையும் வாய்ப்பும் கூடும்.

உங்கள் அலுவலகத்தில் அடிக்கடி வரும் இரட்டைகளை ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: புலி, ஆனை, ஏறி, கறை, கொல், விளை, பரவை. இருபது முப்பது தேறும். அச்சுக்கு அனுப்பும் முன் கண்ட்ரோல்-எஃப் போட்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள், ஐந்து நிமிட வேலை. ஆங்கில ஒலிப்பு முறையில் அடிப்பவர் என்றால் ல-ள, ன-ண இரண்டிலும் கூடுதல் கவனம் தேவை. ஷிஃப்டை அழுத்தத் தவறினால் போதும், எழுத்து மாறிவிடும்.

பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் செய்த திருமணப் பத்திரிகையைத் திருத்தியில் போட்டால் எல்லாமே தவறு என்கிறது.
– டிடிபி கடைக்காரர், தருமபுரி

உங்கள் கோப்பில் தமிழ் இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், அவற்றின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்தியிருக்கிறது பாமினி. உரையை நகலெடுத்து, யுனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறிமுறை) மாற்றியில் மாற்றி, அங்கே பிழை பாருங்கள். கிடைத்த பிழைகளைப் பேஜ்மேக்கரில் கையால் திருத்துங்கள். பேஜ்மேக்கர் யுனிகோடை ஏற்காது என்பதால் திருத்திய உரையை அப்படியே திரும்ப ஒட்ட முடியாது.

பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றிவிட்டோம். ஆனால் ‘தருமபுரி’ என்று தேடினால் பாதி இடங்கள் சிக்குவதில்லை. கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகின்றன.
– நூலகப் பணியாளர், கிருஷ்ணகிரி

உங்கள் மாவட்டம், பக்கத்து மாவட்டம் இரண்டின் பெயரும் ‘ரி’யில் முடிவது உங்கள் கெட்ட நேரம்! பழைய எழுத்துருக்களில் துணைக்காலும் ரகரமும் ஏறக்குறைய ஒரே உருவம் என்பதால் ‘ரி’க்குப் பதில் காலோடு கொக்கியைச் சேர்த்து அடிக்கும் பழக்கம் பரவியது. அது யுனிகோடிலும் தொடர்கிறது. ‘தருமபுாி’ என்று இருப்பதைச் சில எழுத்துருக்கள் ‘தருமபுரி’ போலவே காட்டும், சில எழுத்துருக்களில் நடுவே புள்ளி வட்டம் தெரியும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

இதைத் துணிந்து மொத்தமாக மாற்றலாம். தமிழில் துணைக்காலை அடுத்து இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது. ஆகவே ‘ாி’ என்பதை ‘ரி’ என்றும், ‘ாீ’ என்பதை ‘ரீ’ என்றும், ‘ா்’ என்பதை ‘ர்’ என்றும் மாற்றுங்கள். பிறகு ‘தோ்தல்’, ‘பொிய’ போன்றவை மிஞ்சும். இங்கே முன்னால் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியாக ஒட்டிக்கொண்டுவிட்டன. ‘ோ்’ என்பதை ‘ேர்’ என்றும், ‘ொி’ என்பதை ‘ெரி’ என்றும் மாற்றினால் தேர்தலும் பெரியவும் கிடைக்கும்.

ஔகாரத்தில் மட்டும் இந்தத் துணிச்சல் வேண்டாம். அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையைப் பலரும் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக ‘ஒளவை’ என அடித்திருப்பார்கள். கௌரி ‘கெளரி’ ஆகியிருப்பார். ‘கெள’ எல்லாவற்றையும் ‘கௌ’ ஆக்கு என்று கட்டளையிட்டால் கெளுத்தி மீன் சிதைந்துவிடும். ‘வெள’வை மாற்றினால் வெள்ளி, வெள்ளம், வெள்ளாடு எதுவும் மிஞ்சாது. முழுச் சொல்லாகவே மாற்றுங்கள்: ஔவை, கௌரி, கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌந்தர். ‘ஸ்ரீ’யிலும் இதே சிக்கல் உண்டு. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ, 2005இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ என இரு வடிவங்கள் ஒரே மாதிரி தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மாற்றிவிடுங்கள்.

சந்திப்பிழைக்கு மென்பொருளை நம்பலாமா? மாணவர் கட்டுரைகளுக்கு அதை வைத்தே மதிப்பெண் போடலாமா?
– தமிழாசிரியர், அரூர்

மதிப்பெண் போட வேண்டாம். பிழைகளை முதலில் சலித்தெடுக்க வைத்துக்கொள்ளலாம். நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் நிரலர் உருவாக்கிய நாவி சந்திக்கும், வாணி சொற்பிழைக்கும் இணையத்தில் கிடைக்கின்றன.

சொல்லின் ஈற்றைப் பார்த்தே முடிவு செய்யக்கூடிய இடங்களில் பொறி நன்றாகச் செய்யும். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின் வல்லின ஒற்று மிகும். ‘ஊருக்குப் போனான்’ போல நான்காம் வேற்றுமைக்குப் பின் மிகும். ‘படித்துக் காட்டினான்’, ‘கேட்டுப் பார்’ போன்ற வன்தொடர் எச்சங்களில் மிகும். ‘வந்து போனான்’ போன்ற மென்தொடரில் மிகாது.

பொருளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய இடத்தில்தான் திணறும். ‘கடலை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மொரப்பூர் விவசாயி கடலை பறித்தால் அது நிலக்கடலை. ஐகாரம் பெயரிலேயே உள்ளது, ஒற்று வராது. சுற்றுலா போன மாணவன் கடலைப் பார்த்தால் அது கடல்+ஐ. வேற்றுமை உருபு இருப்பதால் ஒற்று வரும். ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி, ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் ஆயுதம். ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்தது, ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது. எல்லாமே சரியான தொடர்கள். எது வேண்டும் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

தொகைகளிலும் தடுமாற்றம் உண்டு. குடிதண்ணீர் வினைத்தொகை, ‘குடித்தண்ணீர்’ ஆகாது. வெற்றிலை பாக்கு உம்மைத்தொகை, அங்கே ‘ப்’ வேண்டாம். மென்பொருள் ஒற்றைச் சேர்க்கச் சொன்னால், இரு சொல்லுக்கும் நடுவே ‘உம்’ போட்டுப் பாருங்கள். வெற்றிலையும் பாக்கும் என்று பொருள் நின்றால் பரிந்துரையைத் தள்ளிவிடலாம்.

‘கிடைக்க வில்லை’ என்று பிரித்து எழுதியதை ஏன் பிடிக்கவில்லை?
– கல்லூரி மாணவி, ஊத்தங்கரை

‘வில்லை’ தனிச்சொல்லாகவும் உண்டு என்பதால். ‘போது மான’ என்று உடைந்தாலும் இதே கதைதான். இடைவெளியோடு ‘ வில்லை’ என்று தேடுங்கள், அனைத்தும் அகப்படும்.

ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு வருகிறது. ‘தேன்கனிக்கோட்டை’யை அகராதியில் சேர்த்த பிறகும் ‘தேன்கனிக்கோட்டைக்கு’ தவறு என்கிறது.
– பகுதிநேரச் செய்தியாளர், ஓசூர்

நீங்கள் சேர்க்கும் சொல்லை வேர்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒப்பிடும். அதற்கு உருபுகளை ஒட்டிப் பார்க்கத் தெரியாது. ஆகவே ஓர் ஊருக்கு ஆறு வடிவங்களாவது கொடுங்கள்: தேன்கனிக்கோட்டை, தேன்கனிக்கோட்டையில், தேன்கனிக்கோட்டைக்கு, தேன்கனிக்கோட்டையை, தேன்கனிக்கோட்டையிலிருந்து, தேன்கனிக்கோட்டையின். சூளகிரி, அஞ்செட்டி, வேப்பனப்பள்ளி, பாப்பிரெட்டிப்பட்டி என்று இருபது ஊர் என்றால் 120 வரிகள். ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டியதில்லை, நீங்கள் சேர்த்த சொற்களை வேர்டு வைத்திருக்கும் கஸ்டம் டிக் கோப்பை நோட்பேடில் திறந்து வரிக்கு ஒரு சொல்லாக ஒட்டலாம். சேமிக்கும்போது யூடிஎஃப்-16 எல்இ குறிமுறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஆன்சி குறிமுறையில் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

அவசரத்தில் ஒரு பிழையை ‘அகராதியில் சேர்’ என்று அழுத்திவிட்டால் அந்தக் கணினி இனி அதைக் காட்டவே காட்டாது. மாதம் ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் இவை எல்லாம் தீர்ந்துவிடாதா?
– வாசகர், போச்சம்பள்ளி

புலி மகசூலை அது பிடித்துவிட வாய்ப்பு அதிகம், ஏனெனில் சுற்றியுள்ள சொற்களையும் பார்க்கிறது. ஆனால் பிழை திருத்தச் சொன்னால் நடையையும் சேர்த்தே திருத்தும். வட்டார வழக்கை ‘நல்ல’ தமிழாக்கும், பெயரின் முன்னெழுத்தை விடும், சர்வே எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றும். இவற்றுக்கு எந்தச் சிவப்புக் கோடும் இருக்காது. ‘திருத்தி எழுது’ என்று கேட்காமல், ‘தவறான சொல், சரியான சொல், காரணம் மூன்றையும் அட்டவணையாகக் கொடு’ என்று கேளுங்கள். திருத்தத்தை நீங்களே கையால் செய்யுங்கள். முழுப் படியையும் வாங்கியே தீர வேண்டும் என்றால், வேர்டில் ரிவியூ, கம்பேர் என்று போய்ப் பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிடுங்கள். எண்களையும் பெயர்களையும் கையெழுத்துப் படியோடு தனியாகச் சரிபாருங்கள்.

‘வாழ்த்துகள்’ சரியா, ‘வாழ்த்துக்கள்’ சரியா? ஒரு மென்பொருள் இரண்டையும் விடுகிறது.
– ஃபிளெக்ஸ் அச்சகத்தார், காரிமங்கலம்

இலக்கணப்படி வாழ்த்துகள். மற்றதும் வழக்கில் ஊறிவிட்டதால் சில அகராதிகளில் ஏறியிருக்கிறது. ஒரே பேனரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை எந்தத் திருத்தியும் சொல்லாது.