ஸ்பேர் டிரைவர் - கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பஸ் டிரைவராக இருந்த உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே எழுத நினைத்தேன். நான் ஓட்டுவது விமானம், ஏர்பஸ் ஏ320. சொந்த ஊர் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். வயது 32. ஐந்து வருடமாக ஒரே கம்பெனியில் கோ-பைலட், 3,400 மணி நேரம் பறந்திருக்கிறேன். சீனியாரிட்டி பட்டியலைப் பார்த்தால் இன்னும் ஒரு வருடத்தில் கேப்டன் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது.

இந்த நேரத்தில் வேறொரு கம்பெனியில் போயிங் 777 கோ-பைலட் வேலை வந்திருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பா என்று நீண்ட தூரம். சம்பளமும் கொஞ்சம் அதிகம். ஆனால் அங்கே போனால் பட்டியலில் நான் கடைசி ஆள், இங்கே சேர்த்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. நண்பர்கள், பெரிய விமானம் கிடைப்பதே அதிர்ஷ்டம், யோசிக்காமல் போ என்கிறார்கள். மனைவி வேண்டாம் என்கிறாள். ஹட்டிக்குப் போகும்போதெல்லாம் பெரியவர்கள் "இன்னும் கோயம்புத்தூர், சென்னைதானா?" என்று கேட்கிறார்கள். அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. அம்மா ஒன்றரை ஏக்கர் தேயிலையோடு தனியாக இருக்கிறார். மகளுக்கு இரண்டு வயது. எங்கள் ஊர்த் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு நான் போய் நாலு வருடமாயிற்று. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? பெயர் வேண்டாம்.

* * *

அன்புள்ள தம்பி,

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது, அதனால் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு குன்னூரில் எனக்குத் தெரிந்த ஒரு கேப்டனிடம் போனேன். 777 ஓட்டுகிறவர். உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, விஷயத்தை மட்டும் சொல்லிக் கேட்டேன். அவர் சொன்னதையும் எங்கள் வீட்டில் நான் பார்த்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இப்போது போகாதீர்கள். கேப்டன் ஆகுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

அப்பாவைப் பற்றி அந்தக் கட்டுரையில் நான் எழுதாத ஒன்று இருக்கிறது. அவர் முதலில் வேலை பார்த்தது மலைக்குக் கீழே, சமவெளியில் ஒரு டிப்போவில். அங்கே 11 வருடம். பஸ் டிப்போவிலும் உங்கள் தொழில் மாதிரிதான், யாருக்கு எந்த லைன், யாருக்கு எந்த நாள் லீவு, யார் நைட் ஹால்ட் (ராத்திரி வெளியூரில் பஸ்ஸோடு தங்குவது) போவது என்பதெல்லாம் சர்வீஸை வைத்து. 11 வருடத்தில் அப்பாவுக்கு நல்ல லைன் கிடைத்திருந்தது, காலையில் எடுத்தால் ராத்திரி எட்டு மணிக்கு வீடு. அந்த நேரத்தில் குன்னூரில் பாட்டி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். அப்பா மலை டிப்போவுக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தார். சொந்த விருப்பத்தில் கேட்கிற மாறுதலுக்கு ஒரு விலை உண்டு, புது டிப்போவில் கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும். 11 வருட டிரைவர், நேற்று சேர்ந்த பையனுக்கும் கீழே. நாலு வருடம் ஸ்பேர்.

ஸ்பேர் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் ஸ்டாண்ட்-பை டூட்டிதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலை நாலு மணிக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு டிப்போவுக்குப் போய் உட்கார வேண்டும். யாராவது வரவில்லை என்றால் அவருடைய பஸ். ஒரு நாள் பர்லியார் வழியாகக் கோவை, மறுநாள் கூடலூர் தாண்டி ஏதாவது எஸ்டேட்டில் நைட் ஹால்ட். எல்லாரும் வந்துவிட்டால் எட்டு மணிக்குத் திரும்பி வருவார். அப்பா சட்டையில் டீசல் வாசனை இல்லாமல் உள்ளே வந்தால் அன்றைக்கு வண்டி கிடைக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும், அம்மா எதுவும் கேட்காமல் இட்லிச் சட்டியை அடுப்பில் வைப்பார்.

அந்த நாலு வருடத்துக்காக அப்பா ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கொடுத்தது என்ன, வாங்கியது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாட்டியைத் தூக்கி உட்கார வைத்து வென்னீர் ஊற்றியது அவர் கைதான், கடைசி வரைக்கும். தம்பி, நீங்கள் கொடுக்கப்போவதும் அதே விலை. ஆனால் அப்பா சீனியாரிட்டியை விட்டது வீட்டுக்குப் பக்கத்தில் வருவதற்கு. நீங்கள் விடப்போவது வீட்டை விட்டு இன்னும் தூரம் போவதற்கு. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான்.

சரி, தொழில் கணக்குக்கு வருகிறேன். சீனியாரிட்டி என்பது ஒரு தேதி. நீங்கள் கம்பெனியில் சேர்ந்த நாள், எந்த பேட்ச், அவ்வளவுதான். எவ்வளவு நன்றாக ஓட்டுகிறீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் எந்த ஊரிலிருந்து பறப்பது (அதைத்தான் பேஸ் என்பார்கள்), எந்த விமானம், எந்த மாதம் லீவு, கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டில் இருப்பது எல்லாமே அந்தத் தேதிப்படி கிடைக்கிற சீனியாரிட்டி எண்ணை வைத்துத்தான், ஆட்குறைப்பு வந்தால் கீழேயிருந்து மேலே வெட்டிக்கொண்டு போவார்கள். நம் ஊரில் ரோஸ்டர், அதாவது டூட்டிப் பட்டியல், அவ்வளவு தூரம் அதைப் பார்த்து ஓடுவதில்லை என்றாலும் கேப்டன் பயிற்சிக்கு யாரை முதலில் கூப்பிடுவது என்பது அதை வைத்துத்தான். அந்த எண் ஒரு கம்பெனியின் வாசலைத் தாண்டாது. 20 வருட கேப்டனும் அடுத்த கம்பெனியில் புது ஆள்தான். இரண்டு கம்பெனிகள் ஒன்றானால்கூட இந்தச் சண்டை தீராது. அமெரிக்காவில் 2005-இல் யூ.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் சேர்ந்தபோது, இரண்டு பட்டியலையும் எப்படிக் கோப்பது என்று மத்தியஸ்தர் 2007-இல் சொன்ன தீர்ப்பை ஒரு தரப்பு ஏற்கவே இல்லை, 2013-இல் அந்தக் கம்பெனி அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேரும்போதும் வழக்கும் சண்டையும் ஓடிக்கொண்டிருந்தன. மனிதர்கள் ஒரு தேதிக்காக எட்டு வருடம் அடித்துக்கொள்கிறார்கள் என்றால் அந்தத் தேதி அவர்கள் வாழ்க்கையில் எவ்வளவு என்று பாருங்கள்.

அதற்காக சீனியாரிட்டியைச் சாமி ஆக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. கம்பெனி நின்றால் அதுவும் நின்றுவிடும். 2012-இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ராத்திரியோடு ஜெட் ஏர்வேஸ் நின்றது. பட்டியலின் உச்சியில் இருந்தவர்களும் வேறு கம்பெனி வாசலில் வரிசையில் நின்றார்கள். குன்னூர் கேப்டன் இந்த இடத்தில் ஒன்று சொன்னார், அதை அப்படியே தருகிறேன்: "அந்தச் சமயத்துல ஆளைக் காப்பாத்துனது லாக் புக்தான், பறந்த மணிக்கணக்கை எழுதுற நோட்டு. கேப்டன் சீட்ல எத்தனை மணி நேரம்னு கேப்பாங்க. கோ-பைலட் சீட்ல பத்தாயிரம் மணி நேரம் இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்ல."

அதனால்தான் முதலில் கேப்டன் ஆகுங்கள் என்கிறேன். சீனியாரிட்டி எண்ணைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும், லாக் புக் உங்களோடு வரும். கேப்டனுக்குரிய இடது சீட்டில் உட்காருகிற ஒவ்வொரு மணி நேரமும் எந்த நாட்டுக்குப் போனாலும் உங்கள் பெயரில் இருக்கும். வளைகுடா கம்பெனிகள் நேரடியாகக் கேப்டனாக எடுப்பதும் அதைப் பார்த்துத்தான். ஒரு வருடத்தில் வரப்போகிற அந்தச் சீட்டை விட்டுவிட்டு 777-இன் வலது சீட்டுக்குப் போனால், அங்கே உங்களுக்கு முன்னால் இருக்கிற கோ-பைலட்டுகள் எல்லாரும் கேப்டனாகி, அதற்கு மேலே இருப்பவர்கள் 65 வயதில் ஓய்வு பெற்று, அல்லது கம்பெனி புது விமானம் வாங்கி, அதற்குப் பிறகுதான் உங்கள் முறை. அது எத்தனை வருடம் என்று உங்களிடம் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

பட்டியல் நகர்கிற வேகத்தையும் பாருங்கள். 2023-இல் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அதில் மிகப் பெரும்பகுதி உங்கள் ஏ320 வகையும் அதற்குச் சமமான போயிங் 737 வகையும்தான். நம் நாட்டில் கேப்டன் சீட் வேகமாகக் காலியாகப்போவது சின்ன விமானத்தில். பைலட்டுகளின் ஓய்வு நேர விதி வேறு மாறியிருக்கிறது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது, ராத்திரி தரையிறக்கங்களைக் குறைத்தார்கள், 2025 டிசம்பரில் அந்த விதிக்கு ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதை நாம் எல்லாரும் பார்த்தோம். கேப்டனுக்குத் தட்டுப்பாடு இருக்கிற ஊரில், கேப்டனாவதற்கு ஒரே வருடம் மீதி இருக்கும்போது வரிசையை விட்டு இறங்கலாமா?

இதற்கு எதிராகவும் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கோ-பைலட் வேலையை விட 6 மாத நோட்டீஸ், கேப்டனானால் ஒரு வருடம் என்று 2017-இல் விதி வந்தது. அதாவது கேப்டனான பிறகு மாறுவது இன்னும் மெதுவான காரியம். இப்போது வந்திருக்கிற மாதிரி ஒரு வாய்ப்பு அப்போது ஒரு வருடம் காத்திருக்காது. உங்கள் நண்பர்கள் இதை நினைத்துத்தான் அவசரப்படுத்துகிறார்கள் என்றால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்து, நீண்ட தூரம் போகிறவர் வாழ்க்கை. நான் அந்த கேப்டன் வீட்டுக்குப் போனது காலை பதினோரு மணிக்கு. அவர் மனைவி வாசலிலேயே மெதுவாகப் பேசச் சொன்னார், கேப்டன் அப்போதுதான் தூங்கியிருந்தார். ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமாகக் கறுப்புத் துணி வைத்துத் தைத்த திரை, ஓரங்களில் வெளிச்சம் வராமல் டேப் ஒட்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து மூன்றாவது நாள். முந்தின ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, தூக்கம் வராமல், நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிப்போய் முதல் பஸ்காரர்களோடு டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். உடம்பு ஒழுங்குக்கு வருவதற்குள் அடுத்த டிரிப். அதே சமயம் அவர் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கிறார், உங்களுக்கு அது கிடைப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பெரியவர்கள் ஆனதும் அது அவருக்கு ஒத்துப்போயிற்றாம். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அவர் ஏ320 கேப்டன்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகிற மாதிரித் தூரத்துக்கு 16 மணி நேரம் போல ஆகும், நாலு பைலட் போவார்கள், முறை வைத்துப் படுக்கையில் தூங்குவார்கள். ஆனால் தரையிறக்குவது ஒருவர்தான். சில மாதம் அவருக்கு இரண்டே இரண்டு தரையிறக்கம். 90 நாளில் 3 டேக்-ஆஃப், 3 தரையிறக்கம் இல்லையென்றால் பறக்கவே கூடாது என்பதால் சிமுலேட்டரில் போய்ச் செய்துவிட்டு வருவாராம். நீங்கள் ஒரே நாளில் நாலு தடவை இறங்குகிறீர்கள். மதுரையில் காற்று, சென்னையில் வடகிழக்குப் பருவமழை, கோவையில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து தள்ளுகிற காற்று. 32 வயதில் கைக்குத் தொழில் ஏறுவது அப்படித்தான். குன்னூர் மலைப்பாதையில் 20 வருடம் ஓட்டிய டிரைவரையும் பெங்களூர் ராத்திரி பஸ் டிரைவரையும் அப்பா ஒருநாளும் உயர்த்தித் தாழ்த்திப் பேசியதில்லை. பேட்டா பெங்களூர்காரருக்கு அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம் என்பார்.

ஹட்டியில் "இன்னும் கோயம்புத்தூர், சென்னைதானா?" என்று கேட்கிறார்களே, அந்தப் பெரியவர்கள் உங்கள் மேல் பாசத்தில் கேட்கிறார்கள், நீங்கள் உலகமெல்லாம் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஒருநாள் அவர்களை உட்கார வைத்து, மழையில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கடைசி நிமிடத்தைச் சொல்லுங்கள். அப்புறம் கேட்க மாட்டார்கள்.

சின்ன விமானத்திலும் கஷ்டம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். விடிகாலை மூன்று மணிக்கு வண்டி வந்து நிற்கிறது, ஒரு நாளில் நாலு ஊர், வருடத்துக்கு 1,000 மணி நேரம் என்கிற வரம்பைத் தொடுகிற அளவுக்கு ரோஸ்டர். களைப்பு இரண்டிலும் ஒன்றுதான், வகை வேறு. ஆனால் உங்கள் மனைவி வேண்டாம் என்று சொன்னதற்கு அவர் என்ன காரணம் சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. இரண்டு வயது மகளைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அவர் சொன்ன காரணத்தை முழுதாகக் கேட்டீர்களா?

அம்மாவிடமும் கேளுங்கள். போகட்டுமா என்று கேட்காதீர்கள், எந்த அம்மாவும் போ என்றுதான் சொல்வார். பச்சைத் தேயிலை எடைபோட யார் கொண்டுபோகிறார், கவாத்து யார் பார்க்கிறார், ராத்திரி உடம்புக்கு முடியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவார், இதைக் கேளுங்கள். கோவை விமான நிலையத்திலிருந்து கோத்தகிரி இரண்டரை மணி நேரம். கேப்டனாகிச் சென்னையிலோ பெங்களூரிலோ பேஸ் கிடைத்தால், 48 மணி நேர ஓய்வில் ஒரு ராத்திரியாவது ஹட்டியில் தங்கிவிட்டு வரலாம்.

இந்த வருட ஹெத்தை ஹப்பாவுக்கு லீவை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிடைக்காது என்று நீங்களாக முடிவு பண்ணிக்கொண்டு கேட்காமல் இருக்காதீர்கள்.

அடுத்த கடிதத்தில் எனக்கு மூன்று விஷயம் எழுதுங்கள். உங்கள் பட்டியலில் கேப்டன் பயிற்சிக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள், அந்தப் புது கம்பெனியில் 777 கோ-பைலட்டுகள் எத்தனை பேர், அங்கே பயிற்சிக்கு எத்தனை வருட பாண்ட் (அதுவரை வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது) கேட்கிறார்கள். மூன்றாவதை அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். அதைப் பார்த்துவிட்டு கேப்டனிடம் இன்னொரு தடவை பேசுகிறேன், இந்தத் தடவை சாயங்காலமாகப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா