சிறைக்குள் மனநோய்: சிஸ்டரிடம் கேளுங்கள்

மனநல வார்டில் 28 வருடம் செவிலியராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுக் குன்னூரில் இருக்கிறேன். கைதிகளின் சிகிச்சை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி: தம்பி கோவை மத்திய சிறையில் விசாரணைக் கைதி. மனச்சிதைவுக்கு ஐந்து வருடமாக மாத்திரை. உள்ளே தருவார்களா சிஸ்டர்?

தர வேண்டும், அது சட்டம். ஆனால் என்ன மாத்திரை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே! ஒரு அம்மா மப்ளர் முடிச்சில் மாத்திரை அட்டையைக் கட்டிக்கொண்டு மலையிறங்கிப் போனார். டாக்டர் சீட்டு இல்லை என்று ஒரு சிறை வாசலில் வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பையனை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தூங்காத கண், வெடித்த உதடு, சாப்பாட்டில் விஷம் என்று தட்டைத் தள்ளிவிட்டான். அதனால் முதல் நாளே பழைய சீட்டின் நகலைச் சிறை மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். இன்னொரு நகல் வக்கீலிடம் இருக்கட்டும்.

அங்கே முடியாவிட்டால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவைக் காட்டுங்கள். சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல வார்டு இருந்தால் அங்கே வைத்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியோடு வெளி மருத்துவமனைக்கு மாற்றலாம். வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100, இலவச சட்ட உதவி.

கூடலூர்: மனநோய்ச் சான்று வாங்கினால் கேஸ் தள்ளுபடியா?

இல்லை. குற்றம் நடந்த நேரத்தில், தான் செய்வது என்னவென்றோ தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பது ஒரு கேள்வி. இப்போது தன் தரப்பைச் சொல்லும் நிலையில் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. இப்போது முடியாதென்றால் விசாரணை தள்ளிப்போகும், வழக்கு போகாது. மீதியை வக்கீலிடம் கேளுங்கள்.

குன்னூர்: குற்றவாளிக்கு ஆஸ்பத்திரி படுக்கையா? எங்கள் வீட்டு ஆளுக்கே வரிசையில் நிற்கிறோம்.

உங்கள் வரிசை நீளமாக இருப்பது அநியாயம்தான். அதற்காக அவனுடைய மாத்திரையை நிறுத்தினால் உங்கள் வரிசை குறையாது. நீதிபதி அவனுடைய சுதந்திரத்தை எடுக்கலாம், சிகிச்சையைப் பறிக்க யாருக்கும் உரிமையில்லை. விசாரணைக் கைதிக்குக் குற்றம் இன்னும் நிரூபணமே ஆகவில்லை. அசாமின் மச்சாங் லாலுங் 1951-ல் கைதானார். விசாரணையே இல்லாமல் 54 வருடம் அடைபட்டிருந்து 2005-ல்தான் வெளியே வந்தார்.

அதே குன்னூர்: அது அசாம், பழைய கதை. இங்கே அப்படி நடக்காது.

நடக்காமல் இருக்க யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அண்ணா. சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருப்பதும் அதற்குத்தான். இன்னொன்று, 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று எழுதியிருந்தீர்கள். 1794-ல் தொடங்கி நோயாளிகளைப் பார்த்துவரும் மனநல மருத்துவமனை அது. வசைச்சொல் ஆக்காதீர்கள்.

ஊட்டி: சான்று இருந்தால் விடுதலையா?

கூடலூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

குந்தா: தூக்கத்துக்கு எந்த மாத்திரை நல்லது?

இங்கே சொல்ல மாட்டேன். 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

அருவங்காடு: அண்ணன் ஜாமீனில் வந்து தெளிவாக இருக்கிறார். மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். அந்தத் தெளிவு மாத்திரை தந்தது. சிறையில் என்ன கொடுத்தார்கள் என்று எழுதி வாங்கினீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போய் வாங்குங்கள், கையில் இருக்கும் அட்டை தீருவதற்குள்.