'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடருக்குக் கதை எழுதிய டி.சி. ஃபொன்டானா யார்? ஏன் வெறும் இனிஷியல்?

பலர் நினைப்பது போல ஆண் அல்ல. டோரதி கேத்தரின் ஃபொன்டானா, 1939-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். பிழைப்புக்குச் செயலாளர் வேலை பார்த்துக்கொண்டே, 21 வயதில் ஒரு வெஸ்டர்ன் (கௌபாய்) டிவி தொடருக்குக் கதை விற்றார். அந்த வகைக் கதைகளைப் பெண் எழுதினால் படிக்கக்கூட யோசித்த காலம், அதனால்தான் இனிஷியல்.

ஸ்டார் டிரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியிடம் செயலாளராக இருந்தவர், அந்தத் தொடர் தொடங்கியதும் கதை எழுதி, முப்பது வயதுக்குள் கதைப் பிரிவு ஆசிரியரும் ஆனார். 1967-இல் வந்த 'ஜர்னி டு பேபல்' எபிசோட் அவர் எழுதியதுதான். தொடரின் முக்கியப் பாத்திரமான, வேற்றுக்கிரகத்தைச் சேர்ந்த ஸ்பாக்கின் அப்பா, அம்மா இருவரும் முதன்முதலாக அதில் வருகிறார்கள். மகன் தான் சொன்ன அகாடமியில் சேராமல் விண்வெளிப் படைக்குப் போய்விட்டான் என்று அப்பா 18 வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேற்றுக்கிரகம்தான், ஆனால் சண்டை நம் வீட்டுச் சண்டை!

என்னைக் கேட்டால், 1973 ஸ்டார் டிரெக் அனிமேஷன் தொடரில் அவர் எழுதிய 'யெஸ்டர்இயர்' எபிசோட் இன்னும் துணிச்சலானது. சிறுவன் ஸ்பாக்கின் செல்லப்பிராணி படுகாயமடைகிறது. வலி நீடிக்காமல் அதை விடுவிக்க அவனே முடிவெடுக்கிறான். சனிக்கிழமை காலைக் குழந்தைகள் நிகழ்ச்சியில் சாவா என்று சேனல் தயங்கியது. ஆனாலும் காட்சி வெட்டப்படவில்லை.

அப்புறம் வந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அடுத்த ஸ்டார் டிரெக் தொடரின் முதல் கதையை ராடன்பெரியோடு சேர்ந்து எழுதினார். மனக்கசப்பில் சீக்கிரமே விலகினார். 'பேபிலான் 5' என்ற வேறொரு விண்வெளித் தொடருக்கும் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் பாடம் நடத்தினார். 2019 டிசம்பரில், 80 வயதில் காலமானார்.