எந்தப் படி ஏறுவது, எப்போது ஏறுவது?
வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். கோலாலம்பூரைத் திடீர் வெள்ளத்தில் தள்ளுவது பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் வரும் பருவ மாற்றக் காலத்தின் மாலை இடிமழைதான். ஆகவே இந்தக் கேள்விகளுக்கு எந்த மாதத்திலும் பதில் தேவைப்படும். பேரிடர் நேரத்தில் எங்கே ஒதுங்குவது என்று கேட்டு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: செந்தூலில் ஆற்றிலிருந்து சுமார் 300 மீட்டரில் எங்கள் ஒற்றை மாடி தெரெஸ் வீடு. மாமியாருக்கு 78 வயது, கைத்தடியோடு நடப்பார். துயர் துடைப்பு மையமாகத் திறக்கப்படும் பள்ளி மண்டபம் ஒன்றரை கிலோமீட்டர் தூரம். எதிர்வரிசையில் இரட்டை மாடி வீட்டுக்காரர், "எங்கள் வீட்டு மேல்மாடிக்கு வந்துவிடுங்கள்" என்கிறார். எது நல்லது?

இரண்டும் நல்லதுதான், நேரம்தான் வேறு. தெருவில் தண்ணீர் ஏறுவதற்கு முன் கிளம்ப முடிந்தால் பள்ளி மண்டபம். ஏறிய பிறகு என்றால் எதிர்வீட்டு மாடி. அதற்கும் பிந்திவிட்டால் உங்கள் வீட்டிலேயே எட்டக்கூடிய உயரமான, வெளியேற வழியுள்ள இடம். இந்த மூன்றையும் இப்போதே வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். கைத்தடியோடு நடப்பவர் நிமிடத்துக்கு 30 மீட்டர் போவார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை கிலோமீட்டருக்கு 50 நிமிடம் ஆகும், அதுவும் காய்ந்த சாலையில். திடீர் வெள்ளம் அவ்வளவு நேரம் தராது. மாமியாரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்து, கடிகாரத்தில் எவ்வளவு ஆகிறது என்று குறியுங்கள். காரில் போவதானாலும் அதே பாதையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்கே சாலை பள்ளமாக இறங்குகிறது, எங்கே பாலத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் கண்ணில் படும். ஆற்றைக் கடந்து போக வேண்டிய புகலிடம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் பட்டியலில் கடைசிதான்.

ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தடுக்கி விழவைக்கும். 30 சென்டிமீட்டரில் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத லொங்காங், அதாவது சாலையோர வடிகால். கலங்கல் நீருக்கு அடியில் சாலை எங்கே முடிகிறது, லொங்காங் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மூடிக் கற்களும் பெயர்ந்திருக்கும். எதிர்வீட்டுக்குப் போவதானாலும் நீளமான கம்பால் முன்னால் தட்டிப் பார்த்தபடி, சாலையின் நடுவில் நடங்கள். மாமியாரை நடுவில் விட்டு இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், கயிறு கட்டிய சப்பாத்து போடுங்கள்.

எப்போது கிளம்புவது? வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் ஆற்று நிலையங்களின் நீர்மட்டம் இயல்பு, 'வஸ்பாடா' (விழிப்பு), 'அமாரான்' (எச்சரிக்கை), 'பஹாயா' (அபாயம்) என்று நான்கு நிலைகளில் காட்டப்படும். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தைவிட, ஆற்றின் மேற்பக்கம் உள்ள நிலையத்தைப் பாருங்கள். செந்தூலில் வெயில் அடிக்கும்போதே கோம்பாக் மலைப்பக்கம் கொட்டிய மழை ஆற்றில் இறங்கி வரும். முதியவர், குழந்தை, படுத்த படுக்கையாக இருப்பவர் உள்ள வீட்டில் 'அமாரான்' வந்தாலே புறப்பட வேண்டும். மற்றவர்கள் 'பஹாயா' வரை காத்திருப்பதும் எங்கள் பார்வையில் துணிச்சல் இல்லை, சூதாட்டம். இணையம் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எதிரிலுள்ள லொங்காங் சுவரில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் கிளம்புவது என்று வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு மாடியைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்மாடி மூழ்கிப் பலர் மேல்மாடியிலும் கூரையிலும் படகுக்காக மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். மாடி உயிரைக் காக்கும், ஆனால் சோறும் குடிநீரும் மருந்தும் அங்கேயே முன்கூட்டி இருந்தால்தான் அது புகலிடம். இன்னொன்று, நம் வீடுகளின் இரும்புக் கிரில். மேல்மாடிச் சன்னல்களில் ஒன்றாவது திறக்கக்கூடிய கிரிலாக இருக்கட்டும். அதன் பூட்டுச் சாவி அதே அறையில் ஆணியில் தொங்கட்டும். இருட்டில் சாவி தேடிக்கொண்டிருந்தால் தண்ணீர் நிற்காது.

உங்கள் வீட்டில் சிக்கிக்கொண்டால் சீலிங்குக்கு மேலே ஏறாதீர்கள். சீலிங் பலகை ஆள் எடையைத் தாங்காது, உத்தரம் தாங்கினாலும் அங்கிருந்து வெளியே வர வழி இல்லை. வேறு வழியே இல்லையென்றால் உத்தரத்தின் மேல் கால் வைத்து, கூரை ஓட்டை உள்ளிருந்து உடைக்கக் கனமான சுத்தியலோடு ஏறுங்கள். அதைவிட முன்வாசல் கார்ப்போர்ச் கூரைக்கு வெளியிலிருந்து ஏணி வைத்து ஏறுவது மேல், அந்தக் கூரை கான்கிரீட்டாக இருந்தால்.

மெயின் சுவிட்சை, தண்ணீர் சாக்கெட் உயரத்தைத் தொடுமுன், கால் காய்ந்திருக்கும்போது அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்ச் போர்டைத் தொட வேண்டாம். கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) வால்வை மூடி ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். காலியான தோம்பு மிதந்து அலையும்.

கேள்வி: மண்டபத்தில் நூறு பேருக்கு நடுவே பெண் பிள்ளைகளோடு தங்கத் தயக்கமாக இருக்கிறது. கோயில் மண்டபத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ போகலாமா? (பட்டர்வொர்த்)

போகலாம். உறவினர் வீடு உங்கள் வெள்ளச் சமவெளிக்கு வெளியே இருக்க வேண்டும், போகும் வழி ஆற்றைக் கடக்கக் கூடாது, இரண்டுமே முக்கியம். கோயிலைப் பொறுத்தவரை நம்மவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய கோயில்கள் பல ஆற்றங்கரையில் எழுந்தவை. கும்பாபிஷேகத்துக்கு ஆற்றுநீர் எடுக்க வசதி, வெள்ளத்துக்கு வசதி அல்ல. மண்டபம் மாடியில் இருந்து, சமையற்கட்டும் கழிப்பறையும் அதே மாடியில் இருந்தால் மட்டும் அதை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் 4 இரவு பினாங்கைத் தாக்கிய மழை பெருங்காற்றோடு வந்தது, மரங்களும் சாய்ந்தன. கடல் பொங்கும் நேரத்தில் மழையும் சேர்ந்தால் ஆற்றுநீர் வடிய இடமில்லாமல் பின்வாங்கும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்வான இடங்களில் உள்ள எந்த மண்டபத்தையும் கடல் ஏற்ற அட்டவணையோடு சேர்த்துப் பாருங்கள்.

துயர் துடைப்பு மையத்தை ஒதுக்க வேண்டாம். சமூக நலத்துறை அங்கே பதிவு எடுக்கிறது, உணவும் மருத்துவப் பார்வையும் கிடைக்கும். உறவினர் வீட்டில் தங்கினாலும் கிராமத் தலைவரிடமோ குடியிருப்பாளர் சங்கத்திடமோ, எத்தனை பேர், எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மீட்புப் படகு உங்களைத் தேடிக் காலி வீட்டுக்குப் போகும்.

கேள்வி: ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுப் பின்னால் செங்குத்தான மண்மேடு. தடுப்புச்சுவர் இருக்கிறது. பலத்த மழையில் என்ன செய்வது?

வெள்ளத்தில் மேலே ஏறச் சொல்வோம். மண் சரியும்போது அந்தப் பழக்கமே எதிரி. மண் வரும் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலக வேண்டும். கீழ்நோக்கி ஓடினால் மண்ணும் கீழ்நோக்கித்தான் ஓடும்.

தூரம் எவ்வளவு? ஜப்பானியச் சட்டம் 30 பாகைக்கு மேல் சாய்ந்த, 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த சரிவின் அடியிலிருந்து உயரத்தின் இரு மடங்கு வரை, உச்சமாக 50 மீட்டர் வரை ஆபத்துப் பகுதியாகக் குறிக்கிறது. பத்து மீட்டர் சரிவென்றால் 20 மீட்டர். அதைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் ஊறிய மண் திரவம் போல் பாய்ந்தால் இன்னும் வெகுதூரம் போகும்.

தடுப்புச்சுவரின் துளைக் குழாய்களை முதலில் பாருங்கள். மழைக்குப் பின் அவற்றிலிருந்து நீர் சொட்ட வேண்டும். வேரும் சேறும் அடைத்து வறண்டு கிடந்தால் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கித் தள்ளுகிறது என்று பொருள். சுவரில் புதிய விரிசல், உப்பிய பகுதி, சாயத் தொடங்கிய மரம் அல்லது மின்கம்பம், திடீரெனக் கலங்கலாக வரும் ஊற்று, சட்டத்தில் இறுகித் திறக்க மறுக்கும் கதவு என இவற்றில் இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் இரவு அங்கே தூங்காதீர்கள். மேலே யாராவது புதிதாக வெட்டியிருந்தாலோ வடிகாலைத் திருப்பியிருந்தாலோ நகராட்சிக்கு எழுதுங்கள், படமும் வையுங்கள்.

1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தபோது, அதற்கு முன் நாட்கணக்கில் மழை பெய்திருந்தது. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்தது அதிகாலையில், எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தபோது. 31 பேர் இறந்தார்கள். மழை நின்றதும் வீடு திரும்புவதுதான் பெரிய தவறு. மண்ணுக்குள் நீர் இறங்க நேரம் எடுக்கும், சரிவு மழை ஓய்ந்து மணிக்கணக்கில் கழித்தும் வரும்.

வெளியே போக முடியாத இரவில் மேல்மாடியில், சரிவுக்கு எதிர்ப்புற அறையில் இருங்கள். சமையற்கட்டு பின்னால் இருக்கும் வீடுகளில் அங்கே படுக்க வேண்டாம்.

கேள்வி: பத்து பெரிங்கியில் வேலை செய்கிறேன். சுனாமி எச்சரிக்கை வந்தால் காரில் ஜார்ஜ்டவுனுக்குப் போய்விடலாமா?

வேண்டாம். கடலோரச் சாலை ஒன்றுதான், குறுகலும் வளைவும். எல்லாரும் காரில் கிளம்பினால் நெரிசலில் கடலோரமே நிற்பீர்கள். சாலையின் மலைப்பக்கம் நடந்தே ஏறுங்கள். நேரமில்லையென்றால் கான்கிரீட் தூண்கள் கொண்ட கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கும் மேல்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 9 மணிக்கு அருகில். பினாங்கில் அலை வந்தது பிற்பகல் 1 மணி அளவில். அந்த நான்கு மணி நேரம் நமக்குத் தெரியாமல் போனது, பினாங்கில் மட்டும் 52 உயிர்கள் போயின. இப்போது எச்சரிக்கைக் கோபுரங்கள் உண்டு. கடல் திடீரெனப் பின்வாங்கினால் சைரனுக்குக் காத்திருக்க வேண்டாம், வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். முதல் அலை பெரியது என்று நினைக்காதீர்கள், பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம். அதிகாரிகள் அறிவிக்கும் வரை இறங்கக் கூடாது.

கேள்வி: வெள்ளத்தில் காரைக் காப்பாற்ற பேஸ்மென்ட்டுக்குள் இறங்கலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

இறங்காதீர்கள். சரிவுப் பாதையில் தண்ணீர் இறங்கத் தொடங்கினால் கார் பார்க் கிண்ணம் போல் நிரம்பும், மேலே ஏறும் வழியும் அதுதான். மழை பலமாகும் முன்பே பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் விடுங்கள். மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துவது ஆம்புலன்சுக்குத் தடை. தண்ணீரில் சிக்கினால் கதவு நீரின் அழுத்தத்தால் திறக்காது. சன்னல் மின்சாரம் போகுமுன் கண்ணாடியை இறக்கி, பெல்ட்டை அவிழ்த்து, சன்னல் வழியாக வெளியே வந்து கூரை மேல் ஏறுங்கள்.

கேள்வி: எரிவாயுக் குழாய் வெடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

2025 ஏப்ரல் 1 அன்று புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் எரிந்ததைப் பார்த்த பிறகு பலர் இதைக் கேட்கிறார்கள். அங்கே ஆளைச் சுட்டது முக்கியமாக வெப்பக் கதிர். தூரம் இரு மடங்கானால் வெப்பம் ஏறக்குறைய கால்வாசியாகக் குறையும், இடையே கனமான கட்டடம் இருந்தால் இன்னும் குறையும். ஆகவே நெருப்புக்கு எதிர்த்திசையில், கட்டடங்களின் மறைவில் போங்கள். தீயில்லாமல் வாடை மட்டும் வந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யவோ சுவிட்சைத் தட்டவோ வேண்டாம். பாதுகாப்பான தூரத்திலிருந்து 999 அழையுங்கள்.

கேள்வி: பையில் என்ன வைப்பது?

ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்றால் நாலு பேருக்கு மூன்று நாளுக்கு 36 லிட்டர், அதாவது 36 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அது மேல்மாடியில் இருக்கட்டும். பையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் போதும். ஏழு நாள் மருந்து. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவைப் பனிக்கட்டிக்குள் புதைக்காதீர்கள், உறைந்தால் பயன்படாது. பெரும்பாலானவற்றை வெயில் படாமல் அறை வெப்பத்தில் சில வாரம் வைக்கலாம். மைகாட் (அடையாள அட்டை), பிறப்புச் சான்றிதழ், வீட்டுக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) ஆகியவை பிளாஸ்டிக் பையில்; படமும் எடுத்து உறவினருக்கு அனுப்பிவையுங்கள். சில்லறைப் பணம், பவர் பேங்க், விசில், டார்ச்லைட். பூனை, நாய்க்கு மையத்தில் இடமிருக்காது என்று நினைத்து, தூக்கிப் போகும் கூண்டையும் விட்டுவைக்க ஓர் உறவினர் வீட்டையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பூனையைத் தேடித்தான் பலர் கிளம்பும் நேரத்தைத் தவறவிடுகிறார்கள்.