பிட்ஸ்பர்க்கில் பெருமாள் கோயிலைத் தவிர பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா?

ஒரு நாள் போதாத அளவுக்கு இருக்கிறது. நீங்கள் நியூ ஜெர்சியிலிருந்தோ ஒஹாயோவிலிருந்தோ பெற்றோரை அழைத்துக்கொண்டு பிட்ஸ்பர்க்கின் புறநகரான பென் ஹில்ஸில் இருக்கும் வேங்கடேசுவரரைச் சேவிக்க வருகிறவர் என்று நினைக்கிறேன். என் உறவினர்களும் அப்படித்தான் வருவார்கள். தரிசனம், புளியோதரை, உடனே திரும்பிவிடுவார்கள். “பழைய இரும்பு ஊர்தானே, என்ன இருக்கப்போகிறது?” என்று வேறு கேட்பார்கள். இங்கேயே குடும்பம் நடத்துகிற எனக்கு அது சுருக்கென்று தைக்கும்.

கோயிலிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் கேரி ஊதுலைகளுக்கு, அதாவது தாதை உருக்கி இரும்பு எடுத்த பழைய உலைகளுக்கு, போய்விடலாம். 1907இல் கட்டிய இரண்டு ஊதுலைகள், 92 அடி உயரம். இங்கே உருக்கிய இரும்பைத் தனிப் பாலம் வழியாக மனாங்கஹீலா ஆற்றைக் கடத்தி, ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைக்குக் கொண்டுபோனார்கள். 1892 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்த அதே ஹோம்ஸ்டெட்தான். அந்த ஆலை 1986இல் மூடப்பட்டது. இன்று அங்கே இருப்பது கடைவீதி. புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக மிஞ்சியிருக்கின்றன. நல்லவேளையாக, கேரியின் இந்த இரண்டு ஊதுலைகளையும் இடிக்கவில்லை; இப்போது சுற்றிக் காட்டுகிறார்கள்.

என் அப்பா பிலாய் எஃகு ஆலையின் ஊதுலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் வேலையைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அவரைக் கேரிக்கு அழைத்துப்போனபோது வழிகாட்டி, களிமண்ணால் அடைத்த துளையைக் குடைந்து இரும்பை வெளியே விடுவதை விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா முன்னால் போய், மணல் வாய்க்காலில் துளி ஈரம் இருந்தாலும் இரும்பு எப்படி வெடித்துச் சிதறும் என்று பேச ஆரம்பித்தார். கசடு மேலே மிதக்கும், அதைத் தனியே பிரிக்க வேண்டும், அந்தச் சூட்டில் சட்டை உடம்பிலேயே காய்ந்துவிடும் என்றெல்லாம் சொன்னார். நான் மொழிபெயர்க்கத் திணறினேன். வழிகாட்டி தன் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே கேள்வி கேட்டார். என் பிள்ளைகள் தாத்தாவை அப்படிப் பார்த்ததே இல்லை. திரும்பும் வழியில், பக்கத்து ஊரான பிராடக்கில் 1875இல் எஃகு அதிபர் கார்னகி தொடங்கிய ஆலை இன்றும் எஃகு காய்ச்சுவதைக் காட்டினேன். காரை நிறுத்தச் சொல்லி வெகுநேரம் பார்த்தார்.

ஊர்ப்பெருமை பேசுகிறேன் என்று சிலர் வருவார்கள். 1940களில் ஆலைப் புகையால் நடுப்பகலில் தெருவிளக்கு எரிந்த ஊர் இது. இன்று ஆற்றங்கரையில் மிதிவண்டிப் பாதை ஓடுகிறது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 1950இல் 6,76,000 பேர் வாழ்ந்த நகரில் 2020இல் 3,03,000 பேர்தான். அருகிலுள்ள கிளேர்ட்டனில், ஊதுலைக்காக நிலக்கரியைச் சுட்டுக் கல்கரி (coke) ஆக்கும் ஆலை இன்னும் இயங்குகிறது. காற்று அசையாமல் தேங்கி நிற்கும் காலைகளில் நாற்றம் மூக்கைத் துளைக்கும். மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் தந்த செழிப்பு பிராடக் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பெற்றோருக்கு மூட்டுவலி இருந்தால் மலைச்சரிவுப் படிக்கட்டுகளைத் தவிருங்கள். 1870 முதல் ஓடும் மனாங்கஹீலா இழுவை ரயிலில் மேலே போனால் மூன்று ஆறுகளும் சேருமிடம் தெரியும்.

கேரி சுற்றுலா குளிர்காலத்தில் கிடையாது. அப்போது வந்தால் நகரின் ஓக்லண்ட் பகுதியில் 42 மாடிப் பல்கலைக்கழகக் கட்டடமான ‘கதீட்ரல் ஆஃப் லேர்னிங்’ போங்கள். உள்ளே நாளந்தா பாணியில் இந்திய அறை இருக்கிறது. ஓவியத்தில் விருப்பமிருந்தால், இந்த ஊரிலேயே பிறந்த ஓவியர் ஆண்டி வார்ஹாலின் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.