மீட்டரை நம்பாதீர்கள், ஃபில்டர் பெட்டியைத் திறங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தினமும் தார்ச்சாலை, வாரக் கடைசியில் கொஞ்சம் மண்பாதை. இதற்குப் பழைய பைக் வாங்க நினைக்கிறேன். 400 சிசி போதுமா, 650 சிசிக்குப் போகலாமா?

பதில்: சிசியை ஓரமாக வைத்துவிட்டு எடையைக் கேளுங்கள். மண்பாதையில் வண்டி ஒருமுறையாவது சாயும். அதைத் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. சிசி கூடினால் எடையும் கூடும் என்று நினைப்பது தவறு. 644 சிசி சுசுகி டிஆர்650 எஸ்ஈ சுமார் 166 கிலோ. பின்னாளில் வந்த ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411-இன் எடை 199 கிலோ, திறனோ 24 குதிரைத்திறன் சொச்சம்தான். சுசுகி வி-ஸ்ட்ராம் 650 இருநூற்றுப் பத்தைத் தாண்டும். நெடுஞ்சாலையில் சுகமான வண்டிதான். ஆனால் தரையிலிருந்து உயரம் சுமார் 170 மி.மீ., அதோடு ஆயில் ஃபில்டரும் சைலன்சர் குழாயும் முன்பக்கம் கல்லுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். எஞ்சின் தடுப்புத் தகடு இல்லாமல் அதை மண்ணில் இறக்காதீர்கள்.

அடுத்தது முன்சக்கரம். 21 அங்குலம் கல், குழிகளின் மேல் உருண்டு போகும். சாலை வளைவில் கொஞ்சம் சோம்பல். உங்கள் பயன்பாட்டுக்கு 19 அங்குலம் நடுவழி. 17 அங்குலம் சாலைக்கு மட்டும். ஹோண்டா சிபி500எக்ஸ் பார்க்கிறீர்கள் என்றால் ஆண்டைக் கவனியுங்கள். 2019 மாடலில்தான் அதற்கு 19 அங்குல முன்சக்கரம் வந்தது, முந்தையவை எல்லாம் 17. அலாய் வீல் கல்லில் மோதினால் விரிசல் விடும். ஸ்போக்ஸ் வீல் வளையும், ஆனால் நிமிர்த்திக்கொள்ளலாம்; பெரும்பாலும் டியூப் டயர் என்பதுதான் அதில் தொந்தரவு.

கேள்வி: மீட்டரில் 18,000 கி.மீ.தான் காட்டுகிறது. 'மண்ணில் இறக்கியதே இல்லை' என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அவரை நம்புங்கள், வண்டியையும் விசாரியுங்கள். 18,000 கி.மீ. புழுதியில் ஓடிய எஞ்சினைவிட 50,000 கி.மீ. சாலையில் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய எஞ்சின் மேல்.

ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். ஃபில்டர் அழுக்காக இருந்தால் குற்றமில்லை, அது அழுக்கைப் பிடிக்கத்தானே இருக்கிறது. ஃபில்டருக்கு அப்பால், எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் வந்தால், ஃபில்டரின் ஓரம் சரியாக உட்காராமல் புழுதி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். மணல்தூள் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும். முறுக்கும்போது நீலப் புகை, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் ஊற்றும் நிலை என்று பின்னால் தெரியவரும். இந்த ஒரு சோதனையில் தோற்ற வண்டியை வேறு எதற்காகவும் வாங்காதீர்கள்.

பிறகு பேரிங்குகள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்தாற்போல் 'டக்' என்று நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது. பின்சக்கரத்தையும் தூக்கி, சக்கரத்தை மேலே இழுத்துப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் அசைவதற்கு முன்பே சக்கரம் 'கடக்' என்று ஏறினால், பின்சக்கரத்தின் ஸ்விங்-ஆர்மை ஷாக் அப்சார்பரோடு இணைக்கும் லிங்கேஜின் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஓடைகளைக் கடந்த வண்டிகளில் இது சகஜம். தண்ணீர் புகுந்து கிரீஸ் வெளியேறி, ஊசி பேரிங்குகள் துருப்பிடித்துவிடும்.

ஃபோர்க்கின் குரோம் குழாயில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். நகம் எங்காவது தட்டினால், ஆயில் சீல் புதிதாகப் போட்டாலும் சில வாரங்களில் மறுபடி ஒழுகும். ஸ்போக்ஸை ஒரு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எல்லாம் கணீர் என்று ஒலிக்க, ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்தது. சுமைப்பெட்டி மாட்டும் பின் சட்டத்தில் வெல்டிங் இணைப்புகளைத் துடைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புது பெயின்ட் இருந்தால் அதன் அடியில் விரிசலை ஒட்டியிருக்கலாம்.

கேள்வி: பார்க்கப் போகும்போதெல்லாம் வண்டியை ஸ்டார்ட் செய்து தயாராக வைத்திருக்கிறார்கள். அதில் என்ன?

பதில்: நிறைய இருக்கிறது. சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும். 'ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்' என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போய், எஞ்சினைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள்.

டேப்பெட் சத்தம், அதாவது வால்வுப் பகுதியின் டக்டக் ஒலி, கொஞ்சம் கேட்டால் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் சத்தமே இல்லாத எஞ்சின்தான் சில சமயம் ஆபத்து. வால்வு இடைவெளி குறைந்து போனால் சத்தம் வராது, ஆனால் வால்வு முழுதாக மூடாமல் எரியும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது அதன் அடையாளம். வால்வு இடைவெளி கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்று கேளுங்கள். ரசீது இருந்தால் இன்னும் நல்லது.

ஓட்டிப் பார்க்கும்போது டாப் கியரில் மிதவேகத்திலிருந்து முழுதாக முறுக்குங்கள். எஞ்சின் மட்டும் அலறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கையோடு ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோனால் நல்லது. நின்ற நிலையில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டியும், 3,000–4,000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5 வரையிலும் காட்டவேண்டும். 13-ஐத் தாண்டாவிட்டால் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர், அதைச் சீராக்கும் ரெகுலேட்டர் இரண்டில் ஒன்றைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: பழைய கவாசாகி கேஎல்ஆர்650 ஒன்று வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: உழைப்பாளி வண்டி. ஆனால் ஊரறிந்த ஒரு பலவீனம் உண்டு. அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் செயினை இறுக்கிப்பிடிக்கும் சிறு நெம்புகோலும் ஸ்பிரிங்கும் 1987 முதல் 2007 வரையிலான வண்டிகளில் உடையக்கூடியவை. உடைந்த துண்டு எஞ்சினுக்குள்தான் விழும். 2008 முதல் நெம்புகோல் மேம்பட்டது, ஸ்பிரிங்கை அப்போதும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. எஞ்சினின் இடப்பக்கக் கவரைத் திறந்து, உள்ளே இருக்கும் ரோட்டரைப் புல்லர் என்ற கருவியால் இழுத்துக் கழற்றிச் செய்யும் வேலை. செய்யாத வண்டி என்றால் அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள். டிஆர்650-இல் இதேபோல் கிளட்ச்சுக்குப் பின்னால் இருக்கும் நியூட்ரல் சுவிட்சின் இரண்டு திருகுகள் தளர்ந்து உள்ளே விழும். கம்பி கட்டிப் பூட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா?

பதில்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி எதுவோ அது. பல மாதம் நின்ற கார்புரேட்டர் வண்டியில் ஜெட், அதாவது பெட்ரோல் போகும் நுண்துளை, அடைத்திருக்கும். டேங்க்குக்குள் டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள்.

கேள்வி: வாங்கியதும் முதலில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், ஃபோர்க் ஆயில். பழைய உரிமையாளர் 'போன மாதம்தான் மாற்றினேன்' என்றாலும் மாற்றுங்கள். செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறத்தில் பிடித்து இழுத்தால் பல்லிலிருந்து பாதிக்கு மேல் விலகுகிறதா? அப்படியானால் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளும் சேர்த்து மாற்ற வேண்டும், தனித்தனியாக வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேற்கட்டிகள்) நிறைய இருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டி ரப்பர் இறுகியிருந்தால் ஈரச்சாலையில் வழுக்கும். மண்பாதையில் இறங்கும்போது காற்றை 22 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைக்கலாம். டியூப் டயரில் 18-க்குக் கீழே போனால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பஞ்சராகும். கைப்பம்ப் ஒன்று பையில் இருக்கட்டும். தார்ச்சாலை ஏறுமுன் காற்றை மறுபடி நிரப்பாவிட்டால் டயர் சூடேறிக் கெடும்.