பம்பைக்காரர் பெயர் என்ன?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 23, பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் ஷிஃப்ட் வேலை. மற்ற நேரமெல்லாம் லேப்டாப்பும் பாட்டும்தான். எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் பம்பை அடித்ததைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அறுபதுகளில் வந்த ஒரு சினிமாப் பாட்டிலிருந்து குரலை மட்டும் மென்பொருளில் பிரித்து அதன் மேல் வைத்தேன். பம்பையின் வேகம் ஏறிக்கொண்டே போனதால் அதை நேராக்கிவிட்டேன். நண்பர்கள் ரீமிக்ஸ் என்கிறார்கள், ஒருவன் மட்டும் மாஷப் என்கிறான். பெரியப்பாவோ, "அடுத்தவன் பாட்டை எடுத்து ஒட்டறதுக்குப் பேரு திருட்டு" என்றுவிட்டார். இது படைப்பா, இல்லையா?

க., பாலக்கோடு

அன்புள்ள க.,

முதலில் பெயர். எதை எடுத்தீர்கள் என்பதை வைத்துத்தான் பெயர் அமையும். ஒரே பாட்டின் ஒலிப்பதிவை எடுத்து, அதன் தடங்களை (குரல், டிரம் என்று தனித்தனியாகப் பதிவானவற்றை) கூட்டிக் குறைத்து வேறு வடிவம் தந்தால் ரீமிக்ஸ். 1970களில் ஜமைக்காவில் கிங் டப்பி என்பவர் மிக்சிங் மேசையில் உட்கார்ந்து குரலைப் பாதியில் அணைப்பார், டிரம்மையும் பேஸையும் எதிரொலியோடு தனியாக ஓடவிடுவார். அதற்கு டப் என்று பெயர் வந்தது. ஒரு பதிவிலிருந்து சிறு துண்டை வெட்டிப் புதிய பாட்டுக்குள் வைத்தால் சாம்பிளிங். ஒரு பாட்டின் குரலும் வேறொன்றின் இசையும் சேர்ந்தால் மாஷப். ஆகவே உங்கள் நண்பன் சொன்னதுதான் சரி. நாம் எல்லாவற்றையும் ரீமிக்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1970இல் 'சொர்க்கம்' படத்தில் டி.எம்.எஸ். பாடிய 'பொன்மகள் வந்தாள்', 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் வேறு குரலில் புதிதாகவே பதிவானது. அதையும் ரீமிக்ஸ் என்றுதான் சொன்னோம்.

மாஷப்புக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டுமென்றால் 'ஒட்டுப்பாட்டு' என்பேன். சந்தூர்ப் பக்கம் நர்சரிகளில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குச்சியும் கன்றும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும், சீவிய முகங்கள் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். பாட்டில் அந்தத் தடிமன் என்பது சுருதியும் வேகமும்தான்.

இங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. பம்பையை ஏன் நேராக்கினீர்கள்? கரகம் நெருங்க நெருங்க, அருள் வந்தவர் ஆட ஆட, பம்பைக்காரர் வேகத்தைக் கூட்டுகிறார். அந்த ஏற்றம் அவருடைய வாசிப்பு. அதை மென்பொருளின் கட்டத்துக்குள் அடக்கினால் தோலின் ஓசை மட்டும் மிஞ்சும், வாசித்த ஆள் போய்விடுவார். அறுபதுகளின் பாட்டும் ஆட்கள் கூடி உட்கார்ந்து வாசித்ததுதான். இயந்திரத் துடிப்பு அதிலும் கிடையாது. பம்பையை அப்படியே விட்டுவிட்டுக் குரலை அதன் பின்னால் நடக்கவிட்டுப் பாருங்கள். நாலு நாள் கூடுதல் வேலை, ஆனால் படைப்பு என்று நீங்கள் கேட்டது அந்த நாலு நாளில்தான் இருக்கிறது.

அப்புறம் பெரியப்பா. அவரிடம் பாரதியாரைச் சொல்லுங்கள். 'தொண்டு செய்யும் அடிமை' பாட்டின் தலையிலேயே, இது நந்தனார் சரித்திரத்துப் பாட்டு ஒன்றின் வர்ணமெட்டு என்று அவர் எழுதியிருக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியின் அந்தப் பாட்டில் ஆண்டை நந்தனை இழித்துப் பேசுகிறான். பாரதியார் அதே மெட்டில், சுயராஜ்யம் கேட்கும் இந்தியனிடம் ஆங்கிலேய அதிகாரியைப் பேசவைக்கிறார். பழைய பாட்டைக் கேட்டவனுக்கு அதிகாரியின் பேச்சுக்குள்ளே ஆண்டையின் குரலும் கேட்கும். பாதிப் பொருளை மெட்டே சுமக்கிறது. அதனால்தான் எங்கிருந்து எடுத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் பாட்டே பாதியாகியிருக்கும்.

சட்டம் தனி விஷயம். சினிமாப் பாட்டின் குரலை இணையத்தில் ஏற்ற உரிமைக்காரர்களின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அது நீக்கப்படலாம்.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. உங்கள் கடிதத்தில் அந்தச் சினிமாப் பாட்டின் படம், பாடகர், இசையமைப்பாளர் எல்லாம் இருந்தன (இங்கே சுருக்கிவிட்டேன்). பம்பை அடித்தவர் பெயர் மட்டும் இல்லை. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் ஒரு பாட்டில் கிரெகரி கோல்மன் ஏறக்குறைய ஏழு வினாடி தனியாக டிரம் வாசித்தார். 'ஆமென் பிரேக்' என்று இன்று அழைக்கப்படும் அந்தத் துண்டை வெட்டியெடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகள் செய்தார்கள். அவருக்கு அதில் ராயல்டி எதுவும் வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்துபோனார். பெயரைக் கேட்காமல் எடுத்தால் அப்படித்தான் ஆகிறது.

நம் பதிப்புரிமைச் சட்டமே நிகழ்த்துநர் யார் என்று சொல்லும்போது பாடகர், இசைக்கலைஞரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும் சேர்த்துச் சொல்கிறது. நிகழ்த்துநரின் உரிமை 50 ஆண்டு. பம்பைக்காரருக்கும் அது உண்டு.

அவரைத் தேடிப் போங்கள், தம்பி. நேராக்காத பதிவில் செய்ததைப் போனில் போட்டுக் காட்டுங்கள். அன்று அவர் அடித்த அடிக்குப் பம்பைக்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேளுங்கள், வெளியிடலாமா என்றும் கேளுங்கள். சரி என்றால் அவர் பெயரை முதலில் போட்டு எனக்கு அனுப்புங்கள். கேட்கக் காத்திருக்கிறேன்.